பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு ஜெபம்: எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரக் குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

எதற்காக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஜெபத்தில் இயேசுவைக் கூப்பிட்ட என் அம்மாவைப் பாதியில் நிறுத்தியதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கமிட்டியில் இரண்டு பேர் அன்றைக்கு எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அதன் பிறகு இரண்டு தடவை குருமனைக்கு வந்தேன். "பார்க்கலாம் தம்பி" என்றீர்கள். எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் முகப்பில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மரியாளிடமோ, பரிசுத்தவான்களிடமோ, இயேசுவிடமோ நேரடியாக ஜெபிக்கக் கூடாது, ஜெபம் பிதா ஒருவருக்கே என்று அதில் எழுதியிருந்தது. அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இயேசுவைக் கூப்பிட்டு ஜெபிப்பது தவறல்ல என்று பீடத்தில் நின்று சொல்லுங்கள். ஒருவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது இனி யாரும் குறுக்கிட்டு நிறுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்கு என் தங்கை மகன் டெங்குக் காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். ஒன்பது வயது. தட்டணுக்கள் காலையில் ஒரு எண், சாயங்காலம் அதைவிடக் குறைந்த எண் என்று போன் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு எழுபத்தி நான்கு வயது. முழங்கால் மடங்காது. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலில் நின்றாள். "இயேசப்பா, எம் புள்ளய விட்டுராதீரும், இயேசப்பா" என்று ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. வெளியூரிலிருந்து அழைத்து வந்திருந்த வேதபாட ஆசிரியர், "அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. ஜெபம் யாருக்கு? பிதாவுக்கு. பிதாவேன்னு ஆரம்பிங்க" என்றார். அம்மா கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பன்னிரண்டு பெண்கள். "பிதாவே" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிரியர் தாமே மீதியை ஜெபித்து முடித்தார், ஒரு பிழையும் இல்லாமல்.

பையன் பிழைத்துக்கொண்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவன் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எய்யா, நான் தப்பா ஜெபிச்சதுனால புள்ளைக்கு இனிமே ஏதும் ஆகுமா?" என்று கேட்டாள். பிறகு, "இப்ப யாருக்கு ஸ்தோத்திரம் சொல்லணும், சொல்லு" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

நாற்பது வருடமாக விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபித்தவள் அவள். அப்பா இறந்த மறுநாளும் அந்த ஜெபம் நிற்கவில்லை. இப்போது அந்த நேரத்துக்கு எழுந்து வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கோவிலில் அச்சடித்த வழிபாட்டை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கிறாள். ஜெபக் குறிப்பு கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்திலிருப்பவரைக் காட்டுகிறாள். இயேசு என்ற பெயரை அவள் வாயால் கேட்டு ஏழு வாரம் ஆகிறது ஐயா.

நான் ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவன். அந்த ஆசிரியர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றுதான் ஆண்டவர் நமக்குக் கற்றுக்கொடுத்தார். பிதாவிடம், குமாரன் வழியாக, ஆவியானவருக்குள் என்பதுதான் நம் ஜெபத்தின் பெரிய வழி. எபேசியர் 2:18ஐப் பிள்ளைகளுக்கு நானே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அதை மறுக்க வரவில்லை. ஆனால் வழி சொல்லிக்கொடுப்பது வேறு, வந்துகொண்டிருக்கிறவளைத் தடுத்து நிறுத்துவது வேறு.

அறிவிப்பில் ஆதாரமாகப் போட்டிருக்கும் யோவான் 16:23ஐப் பார்ப்போம். "அந்த நாளில் நீங்கள் என்னிடத்தில் ஒன்றுங் கேட்கமாட்டீர்கள்." இதை மட்டும் எடுத்தால் அறிவிப்பு சொல்வது சரி போலத் தெரியும். ஆனால் அதற்கு நாலு வசனம் முன்னால், 'கொஞ்சக்காலம்' என்றால் என்ன என்று சீஷர்கள் அவரிடம் கேட்க நினைத்துத் தவிக்கிறார்கள். 30ஆம் வசனத்தில், இனி ஒருவரும் உம்மை வினாவ வேண்டியதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கே பேச்சு சந்தேகம் கேட்பதைப் பற்றியது. அதே யோவானில், அதே இராப்போஜன இரவில், 14:14 இருக்கிறது: "என் நாமத்தினாலே நீங்கள் எதைக் கேட்டாலும் அதை நான் செய்வேன்." செய்வேன் என்பவர் யார்? பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் "என்னிடம் கேட்டால்" என்றே இருக்கிறது.

ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும்போது யாரைக் கூப்பிட்டான்? "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்." அப்போஸ்தலர் 7:59. அவன் ஆவியானவரால் நிறைந்திருந்தான் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. மாரநாதா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்; அது எங்கள் ஆண்டவரே வாரும் என்று எருசலேமின் முதல் விசுவாசிகள் தங்கள் அரமேயப் பேச்சில் கூப்பிட்ட கூப்பாடு. வேதாகமத்தின் கடைசி ஜெபமே "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்பதுதான். அதன்பின் ஒரே ஒரு வசனம் இருக்கிறது, ஆசீர்வாதம். அவ்வளவுதான்.

இது புதிதாகக் கிளம்பிய கேள்வியும் இல்லை. 233ஆம் ஆண்டு வாக்கில் ஓரிகன் என்ற பெரிய வேத பண்டிதர், ஜெபத்தைப் பிதாவிடம் மட்டுமே ஏறெடுக்க வேண்டும், கிறிஸ்துவிடம்கூடக் கூடாது என்று எழுதினார். அறிவிப்பை எழுதியவர் சந்தோஷப்படலாம். ஆனால் அதே ஓரிகன் பிரசங்கம் செய்யும்போது, இயேசுவே வாரும், என் கால் அழுக்காயிருக்கிறது, தண்ணீர் வார்த்துக் கழுவும் என்று அவரையே கூப்பிட்டிருக்கிறார். 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், பீடத்தில் நிற்கும்போது ஜெபம் பிதாவை நோக்கியே இருக்கட்டும் என்று விதி செய்தார்கள். பீடத்தில் நிற்கும்போது, ஐயா. அது குருமாருக்குச் சொன்னது. வீட்டுத் திண்ணையில் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளுக்குச் சொன்னது அல்ல.

அதற்கும் முன்னால், 112ஆம் ஆண்டு வாக்கில், பித்தினியா என்ற ரோம மாகாணத்தில் ஆளுநராக இருந்த பிளினி தன் பேரரசன் டிராஜனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதினான். குறித்த ஒரு நாளில் விடியும் முன்னே கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று எழுதினான். அவனுக்கு நம்மேல் அன்பு கிடையாது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதினான். விடியும் முன்னே என்ற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வாசற்படிதான் ஞாபகம் வருகிறது.

சரி, பழைய கதை வேண்டாம். நாம் கையில் பிடித்து வாசிக்கும் நற்கருணை வழிபாட்டையே எடுங்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மூன்று வருடத்தில் அமைத்த வழிபாடு அது. அப்பமும் ரசமும் பீடத்தில் இருக்கும்போது, நல்ல பிரதான ஆசாரியராகிய இயேசுவே, எழுந்தருளும், உம்முடைய சீஷர் நடுவில் இருந்ததுபோல எங்கள் நடுவிலும் இரும் என்று சபையே அவரை நேராக அழைக்கும் இடம் ஒன்று அதில் உண்டு. தேவ ஆட்டுக்குட்டியானவரே, எங்களுக்கு இரங்கும் என்றும் சேர்ந்து சொல்கிறோம். அறிவிப்பு சரி என்றால் இந்த வரிகளையும் அடித்துவிட வேண்டும். அடிப்பீர்களா?

மரியாளையும் பரிசுத்தவான்களையும் இயேசுவையும் ஒரே வரியில் போட்டிருப்பது எனக்கு ரொம்ப வலித்தது. மரியாளிடம் வேண்டலாமா என்பது வேறு வழக்கு. கடற்கரையில் இருக்கும் எங்கள் சின்னம்மா வீட்டார் கத்தோலிக்கர். அவர்களோடு அந்த வழக்கை நாற்பது வருடமாக மரியாதையாகப் பேசி வருகிறோம், இன்னும் முடியவில்லை. ஆனால் இயேசு நமக்காகப் பரிந்து பேசும் ஒரு பரிசுத்தவான் மட்டும்தானா? அவரைத் தேவன் என்றுதானே விசுவாசப்பிரமாணத்தில் நின்றுகொண்டு அறிக்கையிடுகிறோம்? 374ஆம் ஆண்டு வாக்கில் செசரியாவில் பேராயர் பசிலியார் பிதாவுக்குக் குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் மகிமை என்று ஜெபித்தபோதும் சிலர் இப்படித்தான் குறுக்கே வந்தார்கள். குமாரன் வழியாக என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டும் சரி என்று அவர் உட்கார்ந்து விளக்கமாகப் பதில் எழுதினார். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சபை, பிதாவோடும் குமாரனோடும் கூட ஆவியானவரும் தொழுது மகிமைப்படுத்தப்படுகிறார் என்று அறிக்கையிட்டது. அதைத்தான் நாம் இன்றைக்கும் நற்கருணை ஞாயிறுதோறும் சொல்கிறோம்.

'இயேசப்பா' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குமாரனை அப்பா என்று கூப்பிடுவது உபதேசப் பிழை என்று அந்த ஆசிரியர் பிற்பாடு விளக்கினாராம். நம் ஊரில் மூன்று வயதுப் பையனையும் "வாப்பா, சாப்பிடப்பா" என்றுதான் கூப்பிடுகிறோம். அங்கே அப்பா என்றால் தகப்பன் என்று அர்த்தமில்லை. நீ எனக்கு நெருக்கமானவன் என்று அர்த்தம். தமிழ் வாய்க்குள் இயேசு வந்தபோது அந்த நெருக்கத்தோடுதான் வந்தார். ஏசாயா 9:6இல் பிறக்கப்போகும் பாலகனுக்கே "நித்திய பிதா" என்று பெயர் கொடுத்திருக்கிறது. அம்மா இந்த வசனத்தை வைத்து வாதாட மாட்டாள். அவளுக்கு வாதாடத் தெரியாது. கூப்பிடத்தான் தெரியும்.

யாரை நோக்கி ஜெபிக்க வேண்டும் என்று கேட்பது நல்ல கேள்வி. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதை என் அம்மாவிடமிருந்தா ஆரம்பிப்பது? சபையார் கூடிச் சாப்பிடும் போன அசனப் பண்டிகையில் பதினெட்டு நிமிடம் நடந்த ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை கொடுத்தவர் பெயர், ஆடு கொடுத்தவர் பெயர், கொடுக்காதவர்களைப் பற்றி மறைமுகமாக ஒரு வார்த்தை. அது யாரை நோக்கி நடந்த ஜெபம்? சபைத் தேர்தல் வந்தால் இரண்டு அணியும் மாறி மாறி எழுந்து நின்று, அந்தப் பக்கத்தாருக்கு உறைக்கும்படி கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறோமே, அது யாருக்கு? தொடக்கத்தில் பிதாவே என்றும் முடிவில் இயேசுவின் நாமத்தில் என்றும் சொல்கிறோம். முறைப்படி எல்லாம் சரிதான். அவர்களில் ஒருவரையும் யாரும், "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொன்னதில்லை. திருத்துவதற்கு எப்போதும் அகப்படுவது பின்வரிசைப் பெண்கள்தான். ஒரு வருடம் வெளியூரிலிருந்து பேச வந்தவர் கர்த்தர் என்று சொல்லாதே, யெகோவா என்று சொல் என்றார். அடுத்த வருடம் வந்தவர் இயேசு என்ற உச்சரிப்பே தப்பு என்றார். இப்போது வந்தவர் அவரைக் கூப்பிடவே வேண்டாம் என்கிறார். கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்ததும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். பயத்தோடு மிஞ்சுவது எங்கள் வீட்டுக் கிழவிகள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். குருவானவர் ஐயா எங்கள் அப்பாவை அடக்கம் பண்ணியவர். கொட்டும் மழையில் கல்லறை வரை குடையில்லாமல் நடந்து வந்தவர். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

எரிகோவுக்கு வெளியே வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயு, "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கூப்பிட்டபோது, பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அவன் முன்னிலும் அதிகமாய்க் கூப்பிட்டான். என் அம்மாவுக்கு அந்தத் தைரியம் இல்லை ஐயா. ஒரு அதட்டலில் அடங்கிவிட்டாள். அவனை அழைத்துவாருங்கள் என்று ஆண்டவர் நின்று சொன்னாரே, அந்த வார்த்தையை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ஆகவே தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நற்கருணை ஞாயிறுக்கு முன் அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அன்றைய ஆராதனையில், இயேசுவை நோக்கி ஜெபிக்கலாம், யாருடைய ஜெபத்தையும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று குருவானவர் ஐயா பீடத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஜெபத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டுமானால் நடத்துங்கள், மூன்று வாரம் நடத்துங்கள், நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

முடிந்தால் ஐயா ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா திண்ணையில்தான் இருப்பாள். பையனும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான். விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளை ஜெபிக்கச் சொல்லுங்கள், முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்து அங்கத்தினன் ஒருவன்