படத்தில் பச்சை, சல்லடையில் தகடு: மாடல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எண்ணெய்க் கிணற்றுத் திட்டக் குழுவினருக்கும், துளைச் சுவர் இடியாமல் நிற்குமா என்று அவர்களுக்காகக் கணினி மாடல் போட்டுத் தரும் பாறை இயக்கவியல் பிரிவினருக்கும் வணக்கம்.

போன கிணற்றில் துளைச் சுவர் கழன்று விழுந்து குழாய் சிக்கிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களே நீங்கள்தான், எனவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘எதிர்பாராத நிலவியல் சூழல்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த சாய்துளைக்கு, அதாவது சாய்வாகப் போடும் கிணற்றுத் துளைக்கு, மாடல் போடும்போது ஷேலின் அடுக்குத் தளங்களையும் அதில் சேருங்கள். ஷேல் ஏடு ஏடாகப் படிந்த களிமண் பாறை; அந்த ஏடுகள் பிரியக்கூடிய பரப்புகள்தான் அடுக்குத் தளங்கள்.

அந்த இரவை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். மணி இரண்டே கால் இருக்கும். துளைக்குள் சுற்றிவிடும் சேறு மேலே திரும்பி வரும்போது அதிலிருந்து பாறைத் துகளைப் பிரிக்கும் அதிரும் சல்லடைதான் ஷேக்கர். அதில் வழக்கமாக விழுவது பொடிப்பொடியான வெட்டுத்துகள். அன்றைக்கு விழுந்தது தகடு. உள்ளங்கை அகலம், விரல் கனம்கூட இல்லை, மேலும் கீழும் இழைத்துவிட்டாற்போல் சமமான முகங்கள். பிட் (பாறையை வெட்டும் துளைமுனை) கடித்த தழும்பு ஒன்றில்கூட இல்லை. துளைச் சுவரிலிருந்து தானாகவே கழன்று வந்தவை அவை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தால் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. விழுகிற சத்தமே வேறு, ஓட்டுச்சில்லைக் கூடையிலிருந்து கொட்டுகிற மாதிரி.

சில்லின் வடிவத்தைப் பார்த்தே சுவரின் நோயை ஓரளவு சொல்லிவிடலாம். நீளநீளமாகச் சிராய் போல வந்தால் பாறைக்குள் இருக்கும் திரவ அழுத்தம் சேற்றை மிஞ்சுகிறது. மூலையும் முனையுமாக வந்தால் தகைவு (பாறைக்குள் குவியும் சுமை) தாங்காமல் சுவர் நொறுங்குகிறது. இந்த இரண்டுக்கும் மட் வெயிட்டை (சேற்றின் அடர்த்தி, தண்ணீருக்கு 1) கூட்டுவது மருந்து. தகடாக வந்தால் அடுக்கு பிரிகிறது என்று பொருள். அதற்கு இதே மருந்து விஷமாகவும் ஆகலாம்.

பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில், பத்திரம் என்று பச்சை காட்டும் மாடல் படத்தோடு பதில் வந்தது. ‘மாடல்படி துளை நிலையாக உள்ளது. பாதுகாப்புக்காக மட் வெயிட்டை 1.28இலிருந்து 1.36 ஆக்கவும்.’ ஆக்கினோம். 2,400 மீட்டர் செங்குத்து ஆழத்தில் அது ஏறக்குறைய 19 பார் கூடுதல் அழுத்தம். இரண்டு மணி நேரம் சல்லடை அமைதியாக இருந்தது. நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் இரண்டு மடங்காகக் கொட்டியது. விடியும்போது குழாயைச் சுற்றவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. நான்கு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பிட்டையும் அதன் மேலிருந்த கருவிகளையும் உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வேறு துளை போட்டோம். அந்த நான்கு நாளும் ரிக் (துளையிடும் எந்திரம்) தளத்தில் நின்றவர்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “மாடல் சரின்னு சொல்லுச்சே, அப்புறம் எப்படி சார்?”

எப்படி என்பதை இப்போது சொல்கிறேன். உங்கள் மாடலின் அடியில் இருப்பது ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898இல் தந்த தீர்வு. எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளில் வட்டத் துளை போட்டால் சுற்றிலும் தகைவு எப்படிக் குவியும் என்பதை அது அழகாகச் சொல்லும். அவர் மேல் குற்றமில்லை. அவர் ஷேலைப் பற்றிப் பேசவில்லை. ஷேலுக்கு மரத்தைப் போல நார் உண்டு. நாரின் போக்கில் கோடரி போட்டால் கட்டை எவ்வளவு லேசாகப் பிளக்கும் என்பது விறகு வெட்டியவருக்குத் தெரியும். பாறையில் ஒரே ஒரு பலவீனத் தளம் இருந்தால் அதன் வலிமை சுமையின் கோணத்தைப் பொறுத்து எப்படிச் சரியும் என்பதைப் பாறை இயக்கவியல் அறிஞர் ஜேகர் 1960இலேயே கணக்காகத் தந்துவிட்டார். சுமை அடுக்குக்கு நேர்க்குத்தாக வந்தால் தளம் வழுக்காது. தளத்தோடு சுமார் 30 டிகிரி கோணத்தில் வந்தால் அதே பாறையின் வலிமை பாதிக்கும் கீழே போகக்கூடும்.

இனி உங்கள் மாடலுக்குக் கொடுத்த வலிமை எண்ணைப் பாருங்கள். செங்குத்துக் கிணற்றுக் கோரில் (துளையிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறை மாதிரி), அடுக்குக்குக் குறுக்கே வெட்டிய ஒரே ஒரு துண்டை நசுக்கி எடுத்த எண் அது. பாறை தன் பலத்தைக் காட்டும் திசையில் மட்டும் சோதித்துவிட்டு, பலவீனமான திசையில் துளை போட அனுப்பியிருக்கிறீர்கள்.

கோணக் கணக்குக்குக் கணினிகூட வேண்டாம். துளை செங்குத்திலிருந்து 72 டிகிரி சாய்வு, அதாவது கிடைமட்டத்துக்குக் கீழே 18. அடுக்கு அதே திசையில் 8 டிகிரி இறங்குகிறது. கழித்தால் 10. துளையும் அடுக்கும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. 20 டிகிரிக்குக் கீழே வந்தாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது துளையிடுபவர்கள் மத்தியில் பழகிப்போன பேச்சு. இதே சாய்வில் எதிர்த்திசையில், அடுக்கு ஏறும் பக்கமாகப் போயிருந்தால் 26 கிடைத்திருக்கும்.

மட் வெயிட்டைக் கூட்டியது ஏன் எடுபடவில்லை என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சேறு சுவரைத் தாங்குவது உள்ளே ஒரு அழுத்தம், பாறைக்குள் அதைவிடக் குறைந்த அழுத்தம் என்ற வித்தியாசத்தால்தான். அடுக்குகளுக்கு நடுவே சேற்றின் நீர் புகுந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். தாங்கல் போய்விடும். அந்த இரண்டு மணி நேர அமைதி, நீர் உள்ளே புகுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம். அங்கே தேவைப்பட்டது விரிசலை அடைக்கும் பொருள். கூடவே குழாயை மெதுவாக ஏற்றி இறக்கி அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்வது.

சரி, அடுக்கைச் சேர்த்தால் மாடல் பூரணமாகிவிடுமா என்றால், ஆகாது. தளத்தின் பிணைவும் உராய்வும் எவ்வளவு என்பதில் நாம் தடுமாறுவோம். பாறை எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று சொல்லும் மீள்மை எண் இரண்டுக்குப் பதில் ஐந்தை மாடல் கேட்கும். ஐந்தும் கிடைக்காவிட்டாலும் என்னைக் கேட்டால் பரவாயில்லை. முதலில் பலவீனத் தளம் உள்ளே வரட்டும். ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சைக் கொடுங்கள், ‘இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது’ என்றும் எழுதுங்கள். ரிக்கில் இருப்பவர்களுக்கு அது போதும். 1.283 என்று மூன்று தசம இடம் வரை துல்லியமாகத் தவறுவதைவிட அது எவ்வளவோ மேல். எப்படியும் எங்கள் அளவுகோலில் மூன்றாவது தசமம் கிடையாது.

தனித்தனிக் கட்டிகளாகப் பாறையைக் கணிக்கும் முறையைப் பீட்டர் கண்டல் என்ற பொறியாளர் வெளியிட்டது 1971இல். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மென்பொருளிலேயே பலவீனத் தளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விட்டுவிட்டு, படத்துக்கு வானவில் நிறம் பூசுவதற்கு மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. பல கோடி ஆண்டுகளாக அதே இடத்தில் அசையாமல் படுத்துக் கிடந்த அடுக்குகள் ‘எதிர்பாராத’ சூழலாம்! யார் எதிர்பார்க்கவில்லை? கிணறு நன்றாகப் போனால் மாடலின் வெற்றி, சிக்கினால் பாறையின் குற்றம். ஷேக்கர் பக்கத்திலிருந்து அனுப்பும் படங்கள் எந்தக் கோப்பில் போய்ப் படுக்கின்றன என்பதும் எனக்குப் புரிந்ததே இல்லை.

கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கும் கெடு உண்டு, கையில் கொடுத்த தரவை வைத்துத்தான் வேலை செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் திட்டக் குழுவையும் சேர்த்துக் கேட்கிறேன். கோர் பெட்டிகள் கிடங்கில்தான் இருக்கின்றன. அடுக்குக்குக் குறுக்கே ஒன்று, இணையாக ஒன்று, சாய்வாக ஒன்று என மூன்று துண்டு வெட்டிச் சோதிக்க அனுமதி கொடுங்கள். வரும் எண்களை மாடலில் போடுங்கள். அடுத்த கிணற்றின் வரைபடம் எனக்கும் வந்தது. 75 டிகிரி, அதே ஷேல், அதே திசை. இந்த முறை கழித்தால் 7 வருகிறது. பிட் இறங்கும் முன் அடுக்குத் தளங்களைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்குமாறு தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்று பொறுக்கிய தகடுகளில் பன்னிரண்டைக் கழுவி, ஆழம் எழுதி, எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஷேக்கர் பக்கம் நின்ற நிலவியலாளர்