ஸ்கேன் அறைக்குள் என் மாமியாரையும் அழைத்த மருத்துவருக்கு

குடல் வயிற்றுக்கு வெளியே இருந்த நிலையில் பிறந்து, அறுவைச் சிகிச்சை பெற்ற எங்கள் மகள் நேற்று மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்தாள். நாங்கள் பட்டதெல்லாம் உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அதை மீண்டும் விவரிக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருந்தாலும், ஒருவரைப் பற்றி முதலில் எழுதாவிட்டால் என் மனம் ஆறாது.

20ஆவது வார ஸ்கேனில் குழந்தையின் குடல் வயிற்றுக்கு வெளியே இருப்பதைக் கண்ட மருத்துவர் (பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்) அறிக்கையைக் கையில் கொடுத்து எங்களை அனுப்பிவிடவில்லை. என் வயிற்றிலிருந்த ஜெல்லைத் தாமே துடைத்துவிட்டு, ஸ்கேன் உறையின் பின்புறத்தில் பேனாவால் வரைந்து காட்டினார்: தொப்புள்கொடி, அதற்கு வலப்புறம் ஒரு சிறு துளை, அதன் வழியே வெளியே வந்து, மூடும் சவ்வு எதுவுமின்றிப் பனிக்குட நீரில் மிதக்கும் குடல் சுருள்கள். இதன் பெயர் கேஸ்ட்ரோஸ்கைசிஸ் என்றும், உறுப்புகள் சவ்வுப் பையோடு தொப்புள்கொடிக்குள் பிதுங்கும் ஆம்ஃபலோசீலில் குரோமோசோம் கோளாறுகள் சேர்ந்து வருவது அதிகம், இதில் அது அரிது என்றும், குழந்தை அறுவைச் சிகிச்சை வசதிக்கு அருகிலேயே பிரசவத்தைத் திட்டமிட வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. கிரகணத்தன்று காய் நறுக்கினேன், அத்தை அதைத்தான் சொல்வார் என்று நான் அழுகையினூடே சொன்னதைக் கேட்டவர், வெளியே பெஞ்சில் காத்திருந்த என் மாமியாரை உள்ளே அழைத்து, தமது நாற்காலியில் உட்காரவைத்து, அதே படத்தைக் காட்டி, "அம்மா, இதற்குக் காரணம் என்னவென்று மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகத் தெரியாது, ஆனால் கிரகணத்தால் வந்ததில்லை. உங்கள் மருமகள் மேல் ஒரு தவறும் இல்லை" என்றார். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்த வேளையில் அவர் ஒதுக்கித் தந்த அந்த ஐந்து நிமிடங்களால்தான், பிரசவம் வரை என் வீட்டில் ஒரு குத்தல் பேச்சும் இல்லாமல் நான் நிம்மதியாகச் சாப்பிட்டு உறங்க முடிந்தது.

வெளியே இருந்த குடலைச் சிலோ எனப்படும் பாதுகாப்புப் பையில் வைத்து நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே இறக்கி, பின்பு வயிற்றை மூடிய எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கும், அவள் பால் குடிக்க முடியாதிருந்த நாட்களில் என் சீம்பாலைப் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்தின் உட்புறம் தடவிய செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் கருவுற்றிருக்கும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் சென்று, ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். பெரியவர்களிடம் தானே பேசுவதாகச் சொல்லி, என் மாமியாரும் உடன் வருகிறார்.