உரலை இடம் மாற்றிய அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எழுந்து உட்கார்ந்து எழுத முடிகிறது என்பதே இன்றைய நல்ல செய்தி. மலேரியா என்னைப் படுக்கவைத்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. மருந்து முடிந்துவிட்டது. காய்ச்சல் திரும்பவில்லை. நேற்றுக் காலை ஒரு கிண்ணம் கோகோவை மிச்சம் வைக்காமல் குடித்தேன். கம்பு மாவைப் புளிக்கவைத்து, இஞ்சி சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி அது. வடக்கு கானாவில் பெரும்பாலான வீடுகளில் பொழுது அதோடுதான் விடிகிறது.

இங்கே ஒருவர் உதவினால் மறுநாள் காலையிலேயே அவர் வாசலுக்குப் போய் நன்றி சொல்வதுதான் முறை. என் கால்கள் அதற்கு இன்னும் இசையவில்லை. அதனால் முதலில் இந்த மடல்.

அந்த இரவில், கொட்டும் மழையில், மோட்டார் கிங் என்று எல்லோரும் அழைக்கும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் என்னைப் படுக்கவைத்துச் செஞ்சேற்றுப் பாதையில் தமாலே நகரம் வரை ஓட்டிச்சென்ற இளைஞருக்கு. வழி நெடுகக் குடை பிடித்துக்கொண்டு வந்த தலைமையாசிரியருக்கு. கினிக்கோழி அனுப்பிய ஊர்த்தலைவருக்கு. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் எனக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கு. என் பங்குத் தண்ணீரையும் அடிபம்பிலிருந்து சுமந்துவந்த பிள்ளைகளுக்கு. ஊரிலிருந்து விடாமல் அழைத்துக்கொண்டே இருந்த உங்களுக்கு, நன்றி. எங்கள் ஊர் நலவாழ்வு நிலையத்தின் செவிலியருக்குத் தனியாக. கானா அரசு 1999 முதல் கிராமங்களுக்குள்ளேயே செவிலியர்களைக் குடியமர்த்தி நடத்திவரும் சிறு நிலையங்களில் அதுவும் ஒன்று. விரல் நுனி இரத்தத்தைச் சோதித்து, மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மருந்தின் முதல் ஊசியைப் போட்டுத்தான் அவர் என்னை வண்டியில் ஏற்றினார். அந்த ஊசிக்காகத் தமாலே போய்ச் சேரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொருவரை நினைத்து.

நான் குடியிருக்கும் வளாகத்தின் மூத்த அம்மா அவர். வட்டமான மண்வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்று எனக்கு. என் கதவுக்கு நேர் எதிரே, மரத்தைக் குடைந்து செய்த உரல். இது புதுப் பெருவள்ளிக்கிழங்கு வீட்டுக்கு வரும் பருவம். அந்தி சாய்ந்ததும் வேகவைத்த கிழங்கை உரலில் போட்டு இரண்டு மூன்று பெண்கள் சுற்றி நின்று மாறி மாறி இடிப்பார்கள். பிசைந்த மாவுபோல் திரண்டு வருவதுதான் சகோரோ. ஊர் முழுவதும் அந்த நேரத்தில் உலக்கைச் சத்தம்தான். நலமாக இருந்தபோது அதைக் கேட்டாலே எனக்குப் பசிக்கும்.

தமாலேயிலிருந்து திரும்பி வந்து படுத்திருந்தபோது ஒவ்வோர் இடியும் என் நெற்றியில் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் இரவுச் சாப்பாடு. குடிதண்ணீர் வைக்க உள்ளே வந்த அம்மா, உலக்கை விழும்போதெல்லாம் என் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அந்தியில் முற்றத்தில் சத்தம் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கிழங்கு தீர்ந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன். என்னைப் பார்க்க வந்த மாணவிதான் சொன்னாள்: "உரலை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், மேடம். உங்கள் தலை வலிக்கிறதாம்."

பாதைக்கு அப்பால், சொந்தக்காரர் வளாகத்துக்கு, ஆட்களை வைத்து உருட்டிக்கொண்டுபோயிருக்கிறார்கள். மருமகள்கள் சுடச்சுடக் கிழங்குப் பானையை அங்கே சுமந்துபோய், இடித்து, சுரைக்குடுவையால் மூடி, மழையிலேயே திரும்ப எடுத்து வந்திருக்கிறார்கள். வீட்டில் அத்தனை பேருக்கும், ஒவ்வோர் இரவும். இந்தப் பருவத்தில் இந்த வீட்டில் ஏன் உலக்கை கேட்கவில்லை என்று வழியில் போகிறவர்கள் நின்று கேட்டார்களாம். "டீச்சர் தூங்குகிறார்" என்று மட்டும் அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு என் மொழி தெரியாது. அவருடைய டக்பானியில் வணக்கத்தையும் சந்தை விலையையும் தாண்டி நான் இன்னும் போகவில்லை. ஒருவேளை பேச முடிந்திருந்தால், "பரவாயில்லை அம்மா, இடியுங்கள்" என்று நானே தடுத்திருப்பேன். அவரும் என் பேச்சைக் கேட்டிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். சொந்த வீட்டிலும் நோயாளிக்காக டிவியின் சத்தத்தைக் குறைப்போம், கதவை மெதுவாகச் சாத்துவோம். ஒரு குடும்பத்தின் உலையையும் உரலையும் பிரித்துவைக்கத் துணிவோமா? எனக்குத் தெரிந்து இல்லை. முந்தாநாள் வெளியே வந்து உட்கார்ந்து, தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டி நன்றி சொன்னேன். அவர் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, நிலக்கடலைக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

உரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அது திரும்புமாம். அதில் அம்மா உறுதியாக இருக்கிறார். திரும்பும் அன்று நானும் ஓர் உலக்கையைப் பிடிக்கப் போகிறேன். கை கொப்பளித்தாலும் சரி, இடிக்கக் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, செவிலியரோடு வீடு வீடாகப் போய்க் கொசுவலை கட்ட உதவுவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"போதும், வந்துவிடு" என்று எழுதியவர்களே, உங்கள் கவலை புரிகிறது, அதற்கும் நன்றி. நான் இப்போது வரவில்லை. ஆறாம் வகுப்பு பின்னங்களில் பாதியில் நிற்கிறது. திங்கட்கிழமை அங்கிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்