பிளானில் ஒதுக்கிய வெளியில் மாடி கட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு 15இல் எங்கள் ஒழுங்கைகளுக்கு நடுவே இருக்கும் விளையாட்டு வெளியில் அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன என்ற கதை கொஞ்சக் காலமாகவே காதில் விழுந்துகொண்டிருந்தது. போன வாரம் ஆட்கள் வந்து நான்கு மூலையிலும் ஆப்பு அடித்து, சிவப்புப் பெயின்ற் பூசிவிட்டுப் போனார்கள். யார் அனுப்பியது என்று கேட்டோம். "எங்களுக்குத் தெரியாது, அளக்கச் சொன்னார்கள்" என்பதோடு சரி.

அந்த வெளி சும்மா கிடக்கும் காணி என்று கோப்பில் எழுதியிருக்கிறார்களாம். இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காணிகளைத் துண்டு போட அனுமதி கிடைத்ததே அந்த வெளியை ஒதுக்கியதால்தான்.

நான் புதுக்கடையில் ஒரு நில அளவையாளரிடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க பிளானோடுதான் பிழைப்பு. எங்கள் பகுதியில் முன்பு ஒரு மரக்காலையும் அதைச் சுற்றித் தென்னைகளும் இருந்தன. எண்பதுகளின் கடைசியில் அந்த ஐந்து ஏக்கரையும் துண்டு போட்டு விற்றார்கள். அப்போது நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், வீதிகளுக்குப் போனது போக மீதியில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்பது அந்த விதி. ஐந்து ஏக்கர் என்றால் இரண்டு ஹெக்டேயர் சொச்சம், அதாவது 800 பேர்ச்சஸ். வீதிகளுக்கு நூறு கழிந்தால் எழுநூறு. அதில் பத்தில் ஒன்று எழுபது. எங்கள் வெளி இன்றைக்கும் எழுபது பேர்ச்சஸ் சொச்சம்தான்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் அந்தக் காலத்துக் காணி உறுதி பத்திரமாக இருக்கிறது. பொலித்தீன் உறைக்குள், அதற்கு மேல் ஒரு பழைய சேலைத் துண்டு சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். உறுதியோடு இணைத்த பிளானில் எல்லாத் துண்டுக்கும் கறுப்பு மையில் இலக்கம் போட்டிருக்கிறது. ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் உள்ளே இலேசாகப் பச்சை அடித்து, திறந்த வெளிக்கு ஒதுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதைவிட முக்கியம் உறுதியின் அட்டவணை. அந்த அம்மாவின் ஏழரைப் பேர்ச்சஸுக்கு வடக்கு எல்லையாகச் சொல்லப்பட்டிருப்பதும் அதே திறந்த வெளிதான். நொத்தாரிசு கையெழுத்து வைத்து, காணிப் பதிவகத்தில் பதிந்த ஆவணம் அது. வெளியை ஒட்டியிருக்கும் மற்ற வீடுகளின் உறுதிகளையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு பக்க எல்லை அந்த வெளியேதான்.

பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் மீதி ஒன்பது பங்கை அன்று விற்க முடிந்தது. இப்போது அந்தப் பத்தாவது பங்கிலும் மாடி எழுப்பினால், அந்த அனுமதியின் நிபந்தனை என்ன ஆகிறது?

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்களுடைய வீடுகளில் பல, அண்ணன் தம்பி பிரித்து, மேலே ஒரு தட்டு கீழே ஒரு தட்டாக ஆகிவிட்டவை. ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் பழைய லயன் வீடுகளில் ஒரு அறையும் குசினியும்தான். அங்கே யாராவது தவறிப்போனால் பெட்டியை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் திரும்பாது. அதனால் செத்த வீடு நடப்பது அந்த விளையாட்டு வெளியில்தான். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பெரியவர் காலமானபோது ஜாம் மரத்தின் பக்கமாகத் தகரப் பந்தல் போட்டோம். கதிரைகள் பன்சலையிலிருந்து வந்தன, போதாததற்குப் பள்ளிவாசலில் கேட்டு வாங்கினோம். இரண்டு இரவும் ஆண்கள் கரம் விளையாடியபடி விழித்திருந்தார்கள், பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். மழை தூறியபோது பந்தலின் ஒரு பக்கம் ஒழுக, பையன்கள் பழைய பெனர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். அந்தக் குடும்பம் ஒரு மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் கடன்தான் பட்டிருக்கும்.

வெசாக் தன்சல், நோன்புக் கஞ்சி, பொங்கல், பாலர் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி எல்லாம் அங்கேதான். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு கிரிக்கெட். இருட்டும் நேரம் சமையல் முடித்த பெண்கள் காற்றுக்கு வந்து உட்காருவார்கள். பெண்பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் பழகிய இடமும் அதுதான், ஏனென்றால் சுற்றிவர எல்லா வீட்டு ஜன்னலும் அதைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. காலிமுகத்திடலில் ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதையை முடித்தபோது வைத்த கல் இன்னும் இருக்கிறது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் காத்துக்கொள்ளும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் அது. வெள்ளைக்காரன் யாரை மனதில் வைத்து எழுதினானோ, இன்றைக்கு நம் பெண்களும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையிலிருந்து பஸ் ஏறி அவ்வளவு தூரம் தினமும் போக முடியுமா?

அடுத்தது தண்ணீர். வெளியின் தென்மேற்கு மூலை பள்ளம். மூன்று ஒழுங்கைகளின் கானும் அந்தப் பக்கமாகத்தான் சாய்கிறது. கடும் மழையில் அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மண்ணுக்குள் இறங்கிவிடும். களனி ஆறு உயர்ந்திருக்கும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகாது என்பது வட கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை என்றால் நாகலகம் வீதியில் அளக்கும் ஆற்று நீர்மட்டம் எத்தனை அடி என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் சனங்கள் நாங்கள். அப்படிப்பட்ட இரவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்த எழுபது பேர்ச்சஸில் நேராக விழும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 177,000 லீற்றர். ஒழுங்கைகளிலிருந்து வடிவது வேறு. கொங்கிறீட் போட்டுவிட்டால் அவ்வளவும் எங்கே போகும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் களனிக் கரையோரச் சனங்கள் பட்டதைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

2018இல் டுபாயில் நடந்த, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் மாநாட்டில் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் பெத்தகான பூங்கா என்று நல்ல வேலைகளும் நடந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் பெரிய இடங்கள். சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் என்று 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் சொன்னதும் பெரிய வேலைகளுக்குத்தான்: 4 ஹெக்டேயருக்கு மேல் நிலம் நிரப்பினால், 1000 வீடுகளுக்கு மேல் கட்டினால். எங்கள் வெளி அரை ஹெக்டேயர்கூட இல்லை. எந்த மதிப்பீடும் இல்லாமல், எழுபது பேர்ச்சஸ், ஐம்பது பேர்ச்சஸ் என்றுதான் இந்த ஊரில் பச்சை போய்க்கொண்டிருக்கிறது.

வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியைக் காக்கக் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது லயன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு தங்கச்சி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, புல்லு இருக்கணும்னு எனக்கு வீடு வேணாம்னு எழுதச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்த மாடியில் அவருக்கு ஒரு வீடு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. யாருக்குக் கொடுப்பார்கள், விற்பார்களா, வாடகைக்கா, என்ன விலை என்று கேட்டோம், எவரும் வாய் திறக்கவில்லை. அதே வீதியில் நடந்து போகும் தூரத்தில், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஓர் அரச களஞ்சியம் இருக்கிறது. நிலம் முழுக்க ஏற்கெனவே சீமெந்து, மேடான இடம், லொறி வரக்கூடிய பாதை. அங்கே கட்டி, முதல் வீட்டை அந்தத் தங்கச்சிக்குக் கொடுக்கட்டும். அதற்காக மனு எழுதி முதல் கையெழுத்தும் நான் போடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் எங்கள் மனுவில் கையெழுத்து வைக்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பொதுத் தேவைக்கென எடுத்த காணியை வேறு எதற்கும் கொடுக்க முடியாது என்பதில் நம் நாட்டு உயர் நீதிமன்றம் தெளிவாகவே நின்றிருக்கிறது. காலிமுகத்திடலை ஒரு கம்பனியின் கையில் கொடுக்கும் ஏற்பாட்டை 2005இல் செல்லாது என்றது. பொதுக் காரியத்துக்கென மக்களிடமிருந்து சுவீகரித்த பத்தரமுல்லைக் காணி கோல்ஃப் மைதானத்துக்கும் ஆடம்பர வீடுகளுக்கும் போன வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், 2008 ஒக்டோபரில் முன்னாள் ஜனாதிபதி ஒருவரையே 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. பொதுச் சொத்தை ஆள்பவர்கள் மக்களின் பொறுப்பாளர்களாக மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. காலிமுகத்திடலுக்கு ஒரு நியாயம், எங்கள் எழுபது பேர்ச்சஸுக்கு வேறொரு நியாயம் இருக்க முடியாது.

மூன்று மொழியிலும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோவிலிலும், பள்ளிவாசலிலும், பன்சலையிலும், ஞாயிறு பூசைக்குப் பிறகு தேவாலய வாசலிலும் கையெழுத்து வாங்கினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமும் போட்டோம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்தது ஒரு வரிக் கடிதம்: விடயம் பரிசீலனையில் இருக்கிறதாம். மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் ஆப்பு அடித்தாகிவிட்டது என்பதுதான் கோபம் வரவைக்கிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். துண்டு போட்டபோது அங்கீகரித்த மூலப் பிளானை வெளியில் எடுத்து எங்கள் முன்னால் விரியுங்கள். அந்தத் துண்டு யார் பெயரில், எந்த நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டது என்று காட்டுங்கள். ஒதுக்கீட்டை மாற்றியிருந்தால், யார் எப்போது மாற்றினார்கள் என்ற கடிதத்தைக் காட்டுங்கள். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள், வேலை நாளில் வைத்தால் எங்கள் சனம் வர முடியாது. தமிழிலும் பேசக்கூடிய ஓர் அதிகாரியை அனுப்புங்கள். அதுவரை தகர வேலி அடிக்கவோ டிப்பரில் மண் கொட்டவோ வேண்டாம்.

இதே மாதிரித் துண்டு போட்ட காணிகளில் இருக்கும் வத்தளை, தெஹிவளை, கொலன்னாவை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு உறுதியை எடுத்து அட்டவணையையும் பிளானையும் பாருங்கள். திறந்த வெளி என்று ஒரு துண்டு இருந்தால், இப்போதே காணிப் பதிவகத்தில் அதன் பக்கத்தைத் தேடிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளான் வாசிக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலையில் எங்கள் வெளிக்கு வந்தால், ஜாம் மரத்தடியில் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல நான் இருப்பேன். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
கொழும்பு 15.