பேரனை விட்டுப் போடச் சொல்லாதீர்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசு ஓய்வூதியம் வழங்கும் வங்கிக் கிளைகளின் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

நவம்பர் பிறந்தால், உயிரோடிருப்பதைக் காட்டும் ஆயுள் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் உங்கள் கிளைக்கு வருவார்கள். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். "இப்ப எல்லாம் செல்போன்லயே முடிச்சிடலாம் சார், பேரனை விட்டுப் போடச் சொல்லுங்க" என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் பரவி வருகிறது. ஆயுள் சான்றை டிஜிட்டலாக எடுக்க 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் நல்ல ஏற்பாடுதான். படுக்கையில் இருப்பவருக்கு அது வரம். ஆனால் நேரில் வந்து நிற்கிறவரிடம், உயிரோடிருப்பதைச் செல்போனில் காட்டச் சொல்வது என்ன கணக்கு?

பேரன் என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? இறக்க வேண்டியது இரண்டு செயலிகள்: ஜீவன் பிரமாண், முகத்தை வைத்து ஆளைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி. இரண்டாவதற்குத் திரையில் ஐகான் எதுவும் வராது, பின்னணியில்தான் இயங்கும். இது தெரியாமல் "இறங்கவே இல்லை" என்று மறுபடி மறுபடி இறக்குவார்கள். அடுத்து 'ஆபரேட்டர்', அதாவது செயலியை இயக்குபவர், பதிவு: ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, முக ஸ்கேன். ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருக்கலாம். அது முடிந்த பிறகுதான் ஓய்வூதியரின் விவரங்கள், இன்னொரு ஓடிபி, இன்னொரு முக ஸ்கேன். அதில் கண்ணைச் சிமிட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தாலோ மூக்குக்கண்ணாடி பளபளத்தாலோ படம் ஏறாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைக்க வேண்டும். கைரேகைக் கருவி என்றால் வேறு தொல்லை: வயதானால் தோல் வறண்டு ரேகை தேய்ந்துவிடும்.

இவ்வளவும் தாண்டி, சான்றுக்கான பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. அந்த எண், சான்று உருவானதற்கு அடையாளம் மட்டுமே. அதை ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் பக்கம்தான். 12 இலக்க பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலோ, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா ஓய்வூதிய வகையில் 'சர்வீஸ்' (பணி ஓய்வூதியம்) என்று தேர்ந்தெடுத்தாலோ சான்று தள்ளுபடியாகும். முதலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. இப்படி இணைந்துபோன வங்கிகளின் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு, செயலியின் வங்கிப் பட்டியலில் எந்தப் பெயரைத் தேடுவது? மறுமணம், மறுவேலை பற்றிய கேள்விகளும் உண்டு. இவற்றுக்கு உண்மையிலேயே 'ஆம்' என்பவருக்கு டிஜிட்டல் சான்று கிடையாது, அவர் காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும். அவரையும் சேர்த்துத்தான் செல்போனுக்கு அனுப்புகிறீர்கள்.

தள்ளுபடியானது தெரியாமலே நவம்பர் போய்விட்டால், அடுத்த மாத ஓய்வூதியம் நிற்கும். சான்று கொடுத்தபின் நிலுவையோடு வரும் என்பது சரி. மருந்துக்கடையில் நிலுவை சொல்ல முடியுமா?

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. காகிதப் படிவம் இன்றும் செல்லும். ஓய்வூதியம் வழங்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். எனவே படிவத்தைக் கவுண்டரிலேயே வையுங்கள், கேட்டால்தான் தருவது என்று மேசைக்குள் பூட்டாதீர்கள். வாங்கிய அன்றே கணினியில் ஏற்றுங்கள்.

செல்போனில் செய்ய விரும்புகிறவருக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். பிபிஓ எண், கணக்கு எண், ஓய்வூதிய வகை, ஓய்வூதியத்தை அனுமதித்த அமைப்பின் பெயர், வழங்கும் வங்கியின் பெயர் ஆகிய ஐந்தும் செயலியின் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் இருக்கட்டும். எல்லாமே உங்கள் கணினியில் இருப்பவை. அச்சடிக்க ஒரு நிமிடம் ஆகாது. சான்று தள்ளுபடியானால் குறுஞ்செய்தியோடு விடாமல் ஒரு போன் போட்டு, எந்த விவரம் தவறு என்று சொல்லுங்கள்.

வரவே முடியாதவர் வீட்டுக்குத் தபால்காரர் வந்து, இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக 70 ரூபாய்க் கட்டணத்தில் சான்று எடுத்துத் தருவார். இதை அறிவிப்புப் பலகையில் தமிழில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு எழுத்தில் ஒட்டுங்கள். அக்டோபர் முதல் தேதிக்குள் ஒட்டினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வூதியர்களுக்குப் படிவம் நிரப்பித் தருபவர்கள்