கார் வருவதற்கு முன் அதன் விவரம் வரட்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மின்கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டு மதுரையில் காத்திருப்பவன் எழுதுகிறேன். கார் தாமதமாகிறது என்பது என் குறை அல்ல. புது மாடல் என்றால் தாமதம் இருக்கத்தான் செய்யும். வரப்போவது எப்படிப்பட்ட கார் என்று விற்பவருக்கே தெரியவில்லை என்பதுதான் குறை. பேட்டரியின் அளவு ப்ரோஷரில் ஒன்றாகவும் இணையதளத்தில் வேறாகவும் இருக்கிறது. வீட்டில் சார்ஜ் செய்யும்போது கார் 7.2 கிலோவாட் வாங்குமா, 11 கிலோவாட் வாங்குமா என்று கேட்டால், "ஃபைனல் ஸ்பெக் கம்பெனியிலேர்ந்து இன்னும் வரல சார், வந்ததும் வாட்ஸ்அப்ல போட்டுவிடுறேன்" என்கிறார் ஷோரூம் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குக் கொடுத்த அதே வழவழப்பான தாள்தான் அவர் கையிலும் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில், ஆங்கிலத்தில் ஒரு வரி: விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தனிப் புகாருக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது. தேவைப்பட்டால் அதைக் கூப்பிட்டுக்கொள்வேன். இந்த மடல் அந்த ஒற்றை வரியைப் பற்றியது. அதை அச்சடிக்காத கார் நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெட்ரோல் காரில் அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சீட் துணியின் நிறம் மாறும், ஸ்பீக்கர் ஒன்று குறையும். எந்த பங்க்கில் வேண்டுமானாலும் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்பது மாறாது. மின்காரில் அப்படி இல்லை. 7.2 கிலோவாட் என்றால் சிங்கிள் ஃபேஸில் ஏறத்தாழ 32 ஆம்பியர் இழுக்கும். 11 கிலோவாட் என்றால் த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். இரண்டில் எதுவானாலும் மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எலெக்ட்ரீஷியனிடம் ஒயரின் கனம் சொல்ல வேண்டும், எர்த் போட வேண்டும். இதெல்லாம் கார் வாசலுக்கு வந்தபிறகு செய்கிற வேலையா? சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட்டாக ஏற்றினால் 50 கிலோவாட் மணி, அதாவது 50 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி நிரம்பப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பேட்டரியின் வேதியியலையும் சொல்வதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையா, நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகையா? முதல் வகை வெப்பத்தை நன்றாகத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், எடை கூடுதல். அதை அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றச் சொல்வார்கள். இரண்டாம் வகையை அன்றாடம் எண்பதோடு நிறுத்தச் சொல்வார்கள். எட்டு வருடம் வைத்திருக்கப்போகிற பொருளின் பராமரிப்பே இதைப் பொறுத்தது. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் நிகர எடை அச்சிடாவிட்டால் சட்ட எடையளவுத் துறை வந்து நிற்கும். பல லட்ச ரூபாய் காரில், மொத்த பேட்டரியில் எவ்வளவு பயன்படுத்தக் கிடைக்கும் என்பதைச் சொல்லாமலே விற்றுவிடலாம்.

அடுத்தது ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் கார் ஓடும் தூரம். டாடாவின் பஞ்ச் மின்கார் 2024 ஜனவரியில் வந்தபோது அதன் பெரிய பேட்டரிக்குச் சொல்லப்பட்ட தூரம் 421 கிலோமீட்டர். பிறகு அதே 35 கிலோவாட் மணி பேட்டரிக்கு 365 என்று போட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. முதல் எண், நகரத்துக்குள் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சோதனைப் பகுதியில் மட்டும் எடுத்தது. இரண்டாவது, 90 வரை போகும் புறநகர்ப் பகுதியையும் சேர்த்தது. இரண்டுமே ஏசியை அணைத்துவிட்டு எடுத்தவை. மே மாதம் மதுரையில் ஏசி இல்லாமல் கார் ஓட்டுகிறவர் இருந்தால் அவருக்கு அந்த எண்கள் பயன்படலாம். அந்த நிறுவனத்தைப் பாராட்டவும் வேண்டும்: தன் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சாலையில் உண்மையில் கிடைக்கும் தூரம் என்று தனியாக ஓர் எண்ணையும் அது தானே முன்வந்து வெளியிடுகிறது. ஆக, மனமிருந்தால் சொல்ல முடியும்.

நான் புக் செய்த காருக்கு எந்தச் சோதனையின் எண்ணைச் சொல்கிறார்கள் என்பதே தெளிவில்லை. "எதிர்பார்க்கப்படும் ரேஞ்ச்" என்று மட்டும் இருக்கிறது. எதிர்பார்ப்பது அவர்களா, நானா? மதுரையிலிருந்து சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். வழியில் திருச்சியில் ஒருமுறை நிறுத்தினால் போதுமா, விழுப்புரத்திலும் நிறுத்தி வயதான அம்மாவை முக்கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டுமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. இருபது நிமிடத்தில் எண்பது சதவீதம் என்கிற விளம்பரமும் இப்படித்தான். அது 150 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜரில் நடக்கும். நான் சாலையில் அதிகம் பார்ப்பது 30, 60 கிலோவாட் சார்ஜர்களைத்தான். 50 கிலோவாட் மணி பேட்டரியில் இருபதிலிருந்து எண்பது வரை ஏற்ற 60 கிலோவாட்டில் குறைந்தது அரை மணி, 30-இல் ஒரு மணி.

உங்களிடம் புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எனக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2022 ஜூனில் நீங்களே வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளில் பொறுப்புத்துறப்பு வாசகங்களுக்கென்று, அதாவது விளம்பரத்தின் அடியில் போடும் "மாறலாம்", "நிபந்தனைக்கு உட்பட்டது" போன்ற வரிகளுக்கென்று, ஒரு பகுதி உண்டு. முக்கியத் தகவலை அவற்றில் ஒளிக்கக்கூடாது, தவறான விளம்பரத்தை அவற்றைக் கொண்டு சரிக்கட்டக்கூடாது, விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ் நாளிதழ்களின் முழுப்பக்க மின்கார் விளம்பரங்களை ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். தூரம் தமிழில் அரைப் பக்கத்துக்கு இருக்கும், நட்சத்திரக் குறி போட்ட விளக்கம் ஆங்கிலத்தில் ஒரு நூல் அளவுக்கு ஓடும். முதல் முறை பத்து லட்சம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

மற்ற நாடுகளில் இது நடந்திருக்கிறது. குளிரில் ரேஞ்ச் குறைவதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று 2023 ஜனவரியில் தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் டெஸ்லாவுக்கு 285 கோடி வான் அபராதம் விதித்தது. 2024 ஆகஸ்டில் இஞ்சியோன் நகரத்தில் ஓர் அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்தத்தில் மின்கார் எரிந்த பிறகுதான், பேட்டரி செல்லைச் செய்தது யார் என்று வெளியே சொல்லும்படி கார் நிறுவனங்களை அந்த நாட்டு அரசு நெருக்கியது. தீப்பிடித்தபின் கேட்பதைவிட முன்பே கேட்கலாமே.

நிறுவனங்களின் கஷ்டமும் புரிகிறது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தியபோது மோட்டார் செய்கிறவர்கள் திண்டாடினார்கள். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மாற்றட்டும், கேட்டுவிட்டு மாற்றட்டும். 2021-இல் அமெரிக்காவில், வேறு வகை பேட்டரி போட்ட கார் சீக்கிரம் கிடைக்கும், சம்மதமா என்று புக் செய்தவர்களிடம் டெஸ்லா கேட்டது. வேண்டாம் என்றவர்கள் காத்திருந்தார்கள். மேலே அபராதம் கட்டிய அதே நிறுவனம்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் செய்தது முறை.

நான் கேட்பது ஒரு பக்கக் காகிதம். முன்பணம் வாங்கும்போதே, டீலரின் முத்திரையோடு, தமிழில். பயன்படுத்தக் கிடைக்கும் பேட்டரி அளவு, அதன் வகை, வீட்டிலும் வெளியிலும் கார் வாங்கிக்கொள்ளும் அதிகபட்ச கிலோவாட், எந்தச் சோதனையில் எத்தனை கிலோமீட்டர், "பிறகு சாஃப்ட்வேர் அப்டேட்டில் வரும்" என்று சொல்லி இன்றே காசு வாங்குகிற வசதிகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏதாவது மாறினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிடிக்காதவருக்கு கேன்சலேஷன் சார்ஜ் என்று பிடிக்காமல் முழுப்பணமும் திரும்ப வேண்டும்.

அந்தத் தெரிவிப்பு எந்த நாளுக்குள் என்பதையும் நீங்களே குறித்துவிடுங்கள். ஷோரூமில் நடப்பது இதுதான்: சேசிஸ் நம்பர் ஒதுக்குவார்கள், மிச்சப் பணம் கேட்பார்கள், வங்கிக் கடன் இறங்கும், இன்வாய்ஸ் போட்டு, இன்ஷூரன்ஸ் எடுத்து, ஆர்.டி.ஓ. பதிவும் முடித்துவிடுவார்கள். காரை நேரில் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு, மாலை போட்டு பூசணிக்காயோடு. அப்போது பேட்டரி சின்னது என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறியிருக்கும். ஆகவே மாற்றத்தைச் சொல்லும் கடைசி நாள் இன்வாய்ஸ் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்பண ரசீதோடு காத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்,
மதுரை