நம்ம ஊர் எருக்குழி வேலை முடிஞ்சது – கமிட்டி கணக்கு

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். "கும்பாபிஷேகம் இல்லாத திருப்பணி"ன்னு டீக்கடையில கேலி பேசுன நம்ம எருக்குழி வேலை ஒருவழியா முடிஞ்சிருச்சு. தலைக்கட்டுக்கு 200 ரூபா குடுத்தவங்களுக்கு பதில் சொல்லணும்ல. வரவு செலவு சாவடிச் சுவத்துல ஒட்டியாச்சு, அதுல ஏறாத கணக்கு இங்க.

மொதக் குழி நாறிப்போனது எங்க தப்புதான், ஒத்துக்கிடுறோம். ஐப்பசி அடமழைக்கு முன்னாடி கண்மாய்க்கரைப் பள்ளத்துல 10 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம் தோண்டி, காய்கறிக் கழிவு, பழைய சோறு, பச்சைச் சாணின்னு எல்லாத்தையும் கொட்டச் சொன்னோம், கொட்டுனாங்க, ஞாயித்துக்கிழமை கறி எலும்பும் சேந்து விழுந்துச்சு, மழைத் தண்ணி நின்னு காத்துப் போக வழியில்லாம அழுகி, ஊர் நாய் பூரா அங்கிட்டுத்தான் குடியிருந்துச்சு. தெருக்காரங்க சண்டைக்கு வந்தது நியாயம்தான். பயிற்சிக் கூட்டத்துல படம் போட்டு ரெண்டு மணி நேரம் சொல்லியும் மண்டையில ஏறாதது அந்த நாத்தத்துல ஏறுச்சு. பச்சைய மட்டும் போட்டா அழுகும், காஞ்சது சேந்தாத்தான் மக்கும்.

தை மாசம் மேட்டுல ரெண்டு குவியல் போட்டோம். ஒரு கூடை பச்சைக்கு மூனு கூடை காஞ்சது. வைக்கோல், கடலைக்கொடி, கரும்புச் சோகை, வாழைச்சருகு எல்லாத்தையும் நறுக்கி, சாணிப்பால் தெளிச்சு அடுக்கடுக்கா. ஈரம் பாக்க மீட்டர் எதுவும் வேணாம், ஒரு கை அள்ளிப் புழிஞ்சா விரலிடுக்குல ஒன்னு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகுனா சருகு போடு, உதுந்தா தண்ணி தெளி, அவ்வளவுதான். நாலாம் நாள் கடப்பாரையச் சொருகி கொஞ்ச நேரம் விட்டு உருவி, நம்பாத அப்பத்தா ஒருத்தங்கள தொட்டுப் பாக்கச் சொன்னோம். "ஆத்தி, உலை கொதிக்குதுல்ல உள்ள"ன்னு கைய உதறிட்டு, அப்புறம் முந்தானையச் சுத்தி மறுபடி பிடிச்சுப் பாத்தாங்க. உள்ள 55, 60 டிகிரி வரைக்கும் போகும், அந்தச் சூட்டுலதான் களை விதையும் ஈப்புழுவும் சாகுது. பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா பிரட்டுனாத்தான் ஓரத்துல கெடக்குறதும் சூட்டுக்குள்ள போகும், காத்தும் கெடைக்கும். பிரட்ட மட்டும் ஆள் வரல, கடைசி வரைக்கும் அதே நாலு பேர்தான். வராதவங்களுக்குத் தெரியும் யாருன்னு.

எருவுல காண்டாமிருக வண்டு முட்டை போடும், அப்புறம் வந்து குருத்தக் குடையும்னு தென்னந்தோப்புக்காரங்க சொன்னாங்க. சரியான பேச்சு. பிரட்டும்போது கெடச்ச பெரிய வெள்ளைப் புழுவெல்லாம் பொறுக்கி கோழிக்குப் போட்டோம். கோழிங்க கமிட்டிக்காரங்கள விட கரெக்ட் டைமுக்கு வந்துச்சு.

சித்திரையில சலிச்சப்ப குவியல் பாதிக்கும் கீழ இறங்கி, கறுப்பா, மழை பெஞ்ச மண்ணு வாசத்தோட இருந்துச்சு. ஆனா உள்ளத உள்ளபடி சொல்லிருறோம். யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, நம்ம மட்குல ஒன்னு ஒன்னரை இருந்தாலே பெருசு. ஏக்கர் நெல்லுக்கு 5 டன் தொழுவுரம் போடச் சொல்றாங்க, நம்ம ரெண்டு குவியலும் சேத்து அதுல பாதி தேறுனா அதிகம். மூட்டை உரத்த நாளைக்கே நிறுத்திரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இது மண்ண பொலபொலன்னு ஆக்கி ஈரம் பிடிச்சு வைக்கத்தான். அதனால இந்தத் தடவை நாத்தங்காலுக்கும் மல்லிச்செடித் தூருக்கும் மட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம். இதெல்லாம் புதுசும் இல்ல, நம்ம டி.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துல கடைசிக் காலத்துல இருந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா, ஊர்க்கழிவு எருவாகி நிலத்துக்கே திரும்பணும்னு அப்பவே சொன்னவரு. நாமதான் உரமூட்டை வந்ததும் எருக்குழிய மூடி அதுமேல பைக் ஷெட்டு போட்டோம்.

இன்னும் ரெண்டு விஷயம். சலிச்சதுல ஷாம்பு பாக்கெட்டும் பால் கவரும் அரைச்சாக்கு வந்துச்சு, தயவுசெஞ்சு வீட்லயே பிரிச்சுப் போடுங்க. அப்புறம் கமிட்டி சல்லடைய கல்யாண வீட்டு மணல் சலிக்க வாங்கிட்டுப் போனவங்க சாவடியில கொண்டாந்து வச்சிருங்க, வைகாசியில அடுத்த குவியலுக்கு வேணும்.